கல்லூரிக்கு முன்பே கல்விக் கணக்கில் கை வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களில் பலர் 'காலேஜ் அக்கவுண்ட்' என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று 529 திட்டம், இன்னொன்று கவர்டெல் கணக்கு; இரண்டுமே பிள்ளையின் படிப்புக்காகப் பணம் போட்டுச் சேர்த்து வைப்பவை. கல்விக்கென்று எடுத்தால் இரண்டிலும் வளர்ந்த பணத்துக்கு மத்திய அரசின் வரி கிடையாது. பள்ளிச் செலவுக்கும் இரண்டிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் எந்தச் செலவுக்கு எதிலிருந்து என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

ஆறாவது படிக்கும் பிள்ளைக்கு லேப்டாப் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கவர்டெலில் எடுக்கலாம். சீருடை, பள்ளிப் பேருந்து, வீட்டு இன்டர்நெட் ஆகியவற்றுக்கும் அதில் இடமுண்டு. 529 அப்படியில்லை. பள்ளி வயதில் கணினியும் சீருடையும் அதன் பட்டியலிலேயே வராது. 2018 முதல் பள்ளிக் கட்டணம் மட்டும், பிள்ளைக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை என்றிருந்தது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம் அதைக் கொஞ்சம் அகலமாக்கியது. பாடநூல்கள், இணையவழிப் பாடங்கள், ஏ.பி. (பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடத்துக்கு எழுதும்) தேர்வுக் கட்டணம், டியூஷன் எல்லாம் சேர்ந்தன. 2026 முதல் வரம்பும் 20,000 டாலர். டியூஷனுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: அது வீட்டுக்கு வெளியே நடக்க வேண்டும், சொல்லித் தருபவர் உறவினராக இருக்கக் கூடாது. ஆக, கணக்கு வாத்தியாராக இருந்த சித்தப்பாவுக்கு மாதாமாதம் கொடுக்கும் பணத்தை இதில் காட்ட முடியாது.

கிண்டர்கார்டனுக்கு முந்தைய பிரீஸ்கூல், டேகேர் கட்டணம் இரண்டு கணக்கிலும் சேராது. சிறு பிள்ளை உள்ள வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

சரி, கவர்டெல்தான் தாராளம் என்றால் அதிலேயே நிறையப் போடலாமே? முடியாது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு மொத்தமே 2,000 டாலர்தான், யார் யார் போட்டாலும் சேர்த்து. அப்பா 2,000 போட்டு, நியூஜெர்சியில் இருக்கும் மாமாவும் ஆசையாய் 2,000 போட்டால், கூடுதல் தொகைக்கு அதைத் திருப்பி எடுக்கும்வரை ஆண்டுக்கு 6 சதவீத வரி. வருமான வரம்பும் உண்டு. சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதிக்கு, போடக்கூடிய தொகை 1,90,000 டாலர் ஆண்டு வருமானத்தில் குறையத் தொடங்கி, 2,20,000-இல் போடும் உரிமையே போய்விடும். இருவரும் வேலைக்குப் போகும் ஐ.டி. குடும்பங்கள் பல இங்கேயே நின்றுவிடுகின்றன.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது மாநில விதி. மத்திய அரசு சரி என்றால் மாநிலமும் சரி என்று நம்பிவிடுகிறோம். கலிபோர்னியாவில் 529 பணத்தைப் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்தால், அதிலுள்ள லாபத்துக்கு மாநில வருமான வரியும் அதற்கு மேல் 2.5 சதவீதமும் கட்ட வேண்டும். நியூயார்க்கும் பள்ளிச் செலவைத் தகுதியானதாக ஏற்பதில்லை. போட்டபோது வாங்கிய வரிச் சலுகையையும் திருப்பிக் கேட்கும். எடுப்பதற்கு முன் உங்கள் மாநில விதியைப் பார்த்துவிடுங்கள்.

தகுதியில்லாத செலவுக்கு எடுத்துவிட்டால் மொத்தத்துக்கும் வரி என்று பயப்பட வேண்டாம். கணக்கில் இருக்கும் 10,000 டாலரில் 6,000 நீங்கள் போட்டது, 4,000 வளர்ந்தது என்றால், எடுக்கும் 1,000-இல் 400 மட்டுமே லாபமாகக் கொள்ளப்படும். அந்த 400-க்கு வருமான வரி, கூடவே 10 சதவீத அபராதமாக 40 டாலர்.

டிசம்பரில் கட்டிய கட்டணத்துக்கு ஜனவரியில் பணம் எடுப்பதும் வம்பில் முடியும். செலவும் எடுப்பும் ஒரே காலண்டர் ஆண்டில் இருக்கட்டும். அப்புறம், எடுத்த பணத்தைக் காட்டும் 1099-க்யூ வரிப் படிவம் வரும்போது தேடாமல் இருக்க, ரசீதுகளை ஓர் உறையில் போட்டு வையுங்கள். ஒரே ரசீதை இரண்டு கணக்குக்கும் காட்டக் கூடாது.

என்னைக் கேட்டால், இரண்டும் இருக்கும் வீட்டில் பள்ளிச் செலவுக்கு முதலில் கவர்டெலைத் தொடலாம். மூன்றாம் வகுப்பிலேயே 529-ஐக் கரைத்தால், அந்தப் பணம் வரியில்லாமல் வளர இருந்த பத்தாண்டு போய்விடும். கவர்டெலையோ பிள்ளைக்கு 30 வயதாவதற்குள் காலி செய்தாக வேண்டும். அப்போதும் மீதமிருந்தால் தம்பி தங்கை பெயருக்கோ, அதே பிள்ளையின் 529-க்கோ மாற்றிக்கொள்ளலாம்.