சாக்ஸ் குதிகால் திருப்புவது எப்படி? வகுப்பில் கற்றது

இரண்டு முறை சாக்ஸ் பின்ன ஆரம்பித்து, இரண்டும் குதிகாலோடு நின்றுபோன பிறகுதான் நேரடி வகுப்பில் சேர்ந்தேன். கண்ணி ஏற்றுவது, நிட், பர்ல், வட்டமாகப் பின்னுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சாமான். நூலில் முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான் இருக்கட்டும். வெறும் கம்பளி என்றால் குதிகால் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஊசி 2.25 மி.மீ. உலோக ஊசி வேகமாக ஓடும் என்பார்கள். கற்கும்போது கண்ணிதான் வேகமாக ஓடிப்போகும். என் கட்சி மூங்கில் ஊசி. அப்புறம், வெளிர் நிற நூலாக எடுங்கள். கருநீலத்தோடு போய் உட்கார்ந்து கண்ணைக் கசக்கியவள் சொல்கிறேன்.

1. 64 கண்ணி ஏற்றி, கணுக்கால் வரை வீட்டிலேயே பின்னிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் வகுப்பு நேரம் இதிலேயே கரைந்துவிடும்.

2. பாதியில், அதாவது 32 கண்ணியில் மட்டும், முன்னும் பின்னுமாக 32 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு நகர்த்துங்கள். இரண்டு ஓரத்திலும் சங்கிலிபோல் 16 கண்ணி கிடைக்கும்.

3. இனி திருப்பம். நேர்ப்பக்கத்தில் 18 நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, இன்னும் 1 நிட். ஊசியில் 11 கண்ணி பாக்கி நிற்கும். அப்படியே விட்டுத் திருப்புங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வரிசை முடியாமல் எப்படித் திருப்புவது? எங்கோ தப்பாக எண்ணிவிட்டோம் என்று கடைசிவரை பின்னிவிடுவேன். ஆசிரியை பக்கத்தில் வந்து, அந்த 11 கண்ணிமேல் விரலை வைத்து மூடிக்கொண்டார். "இது இப்போதைக்கு இல்லைன்னு நினைச்சுக்கோங்க. திருப்புங்க." திருப்பினேன். குதிகால் கிண்ணம்போல் குழிவதே இப்படிப் பாதியில் திரும்புவதால்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

பின்பக்கம்: முதல் கண்ணியை நகர்த்தி, 5 பர்ல், இரண்டைச் சேர்த்து ஒன்று, 1 பர்ல், திருப்புங்கள். இந்தப் பக்கமும் 11 நிற்கும்.

இதற்கு மேல் எண்ண வேண்டாம். திருப்பிய இடத்தில் இரண்டு கண்ணிக்கு நடுவே சின்ன இடைவெளி தெரியும். முதல் கண்ணியை நகர்த்தி, இடைவெளிக்கு ஒரு கண்ணி முன்பு வரை பின்னுங்கள். இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பின்னுங்கள். இன்னும் 1 பின்னித் திருப்புங்கள். கடைசி இரண்டு வரிசையில் மட்டும் அந்த '1' மிச்சம் இருக்காது. முடிவில் 18 கண்ணி வரும்.

4. அந்த 18-ஐப் பின்னி, ஓரச் சங்கிலியில் 16 கண்ணி எடுங்கள். மூலையில் கூடுதலாக ஒன்று எடுத்தால் அங்கே ஓட்டை விழாது. மேல்பாதத்தின் 32-ஐப் பின்னி, மறு ஓரத்திலும் அதேபோல 17. மொத்தம் 84. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, பக்கத்துக்கு ஒன்றாகக் குறைத்தால் பத்தாவது குறைப்பில் மறுபடி 64. பிறகு விரல்வரை நேராகப் போக வேண்டியதுதான்.

பின்சேர்க்கை: திருப்பம் முடிந்ததும் 20 கண்ணி இருக்கிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இரு முனையிலும் ஒவ்வொரு கண்ணி தனியாக நிற்கும், பாருங்கள். அந்தக் கடைசி இரண்டு வரிசை பாக்கி.