கரையில் இருப்பவர்களின் பட்டியல்

கடற்படைத் தளத்தில் குடும்ப நல மையத்தின் பொறுப்புக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு மாலுமியின் வீட்டை அழைக்க நேர்ந்தால், உங்களிடம் இருக்கும் எண்ணில் யாராவது எடுப்பார்களா?

நான் பொறுப்பேற்ற மாதம் ஒரு கப்பலின் பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாக அழைத்தேன். ஒருவர் வீடு மாறியிருந்தார். ஒருவர் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். ஓர் எண்ணில் எடுத்தவர் மாலுமியை விட்டுப் பிரிந்துபோன முன்னாள் மனைவி. எனவே கப்பல் கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போதே பட்டியலைத் தொடங்கிவிடுங்கள். மணமானவர்களோடு நிறுத்தாதீர்கள். கல்யாணமாகாத இருபது வயதுப் பையனுக்கும் ஓர் அம்மா இருக்கிறார். அவர் நம் வாசலுக்கு வரமாட்டார், நாம்தான் தேடிப்போக வேண்டும்.

அதே நாட்களில் பவர் பத்திரம், நாமினி, சம்பளத்தில் வீட்டுக்குப் போகும் பங்கு எல்லாம் முடியட்டும். கணவன், மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் செய்யுங்கள். ஒருவர் மட்டும் வந்து கையெழுத்திட்டுப் போன ஒரு வீட்டில் மூன்றாம் மாதம் வாடகை நின்றுபோனது. வங்கி அட்டை அவர் சட்டைப்பையிலேயே கடலுக்குப் போயிருந்தது.

கிளம்பும் முன்பு வரும் சண்டையைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். கேத்லீன் வெஸ்டல் லோகன் என்ற அமெரிக்கர் 1987இல் கடற்பயணக் காலத்துக் குடும்ப மனநிலையை ஏழு கட்டங்களாக எழுதினார். அதில் இரண்டாவது, விலகல். பிரிவு நெருங்க நெருங்க மனசு தானே கதவைச் சாத்திக்கொள்ளும், சின்ன விஷயத்துக்கெல்லாம் வார்த்தை தடிக்கும். என் கணவர் முதன்முறை கிளம்பிய காலையில் ஒரு குடைக்காகச் சண்டை போட்டேன். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், ஆறு மாதம் அதை நினைத்து அழுதிருக்க மாட்டேன்.

திரும்பும் தேதியை ஒருபோதும் வாக்காகக் கொடுக்காதீர்கள். 2023 மே மாதம் கிளம்பிய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஜெரால்டு ஆர். ஃபோர்டு, பயணம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 2024 ஜனவரி 17 அன்றுதான் தன் தளமான நார்ஃபோக் வந்து சேர்ந்தது. குழந்தைகளிடம் மிச்ச நாட்களைக் கிழிக்கச் சொல்வதைவிட, கழிந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மணி கோக்கச் சொல்லலாம். தேதி தள்ளிப்போனாலும் கோத்த மாலை வீணாகாது.

வதந்தியைத் தடுக்க ஒரே வழி நாம் முந்திக்கொள்வது. 2000 ஆகஸ்ட் 12 அன்று 118 பேருடன் கூர்ஸ்க் நீர்மூழ்கி மூழ்கியது. இரண்டு நாள் கழித்துத்தான் ரஷ்யக் கடற்படை வாய் திறந்தது. உள்ளே இருந்தவர்களின் பெயர்களை ஒரு பத்திரிகை காசு கொடுத்து வாங்கி வெளியிட்டது. எந்த வீட்டுக்கும் அந்த நிலை வரக்கூடாது. வாரம் ஒரு குறித்த நேரத்தில், 'புதிதாக ஒன்றுமில்லை' என்றாவது செய்தி அனுப்புங்கள். கேப்டனுக்கும் குடும்பங்களுக்கும் நடுவே நிற்க ஒரு தன்னார்வலர் வேண்டும். அமெரிக்கக் கடற்படையில் அட்மிரல் ஜூம்வால்ட் 1970இல் கொண்டுவந்த ஆம்பட்ஸ்மன் முறை இதுதான். நன்றாகப் பேசுகிறவரைவிட, கேட்டதை வெளியே சொல்லாதவரைத் தேர்ந்தெடுங்கள்.

இனி எனக்கு மிக முக்கியமானது. பலர் உதவி கேட்டு வராததற்குக் காரணம், விஷயம் கப்பலுக்குப் போய்விடும், வேலைக்கு ஆபத்து என்ற பயம். வந்தவர் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள்: கடன், சண்டை, தனிமை எதுவானாலும் இந்த அறையைத் தாண்டாது, அடி உதை, குழந்தைக்குக் கொடுமை, உயிரை விடும் எண்ணம் இவற்றை மட்டும் மறைத்துவைக்க எனக்கு உரிமையில்லை. முதலிலேயே சொல்லாமல் பாதியில் சொன்னால் அது துரோகமாகிவிடும். கேப்டன் கேட்டால் எத்தனை பேர் வந்தார்கள், எதற்காக என்று சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

கப்பல் திரும்பியதும் வேலை முடியாது. மூன்றாவது வாரம் எல்லா வீட்டுக்கும் மறுபடி அழையுங்கள். தினமும் அப்பாவின் படத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டுத் தூங்கிய ஒரு குழந்தை, அவர் வந்த பிறகும் அவரைத் தாண்டிப் படத்திடமே போனது. அம்மா படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், சில நாள் அவரைப் படத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள் என்றேன்.