அடுக்கு சங்குப்பூ: விதையிலும் கம்பிலும் வளர்க்கும் முறை

கிளமாட்டிஸ் என்ற குளிர்நாட்டுப் பூங்கொடியின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு விதை வாங்கிவிடாதீர்கள். பெரிய பூ விடும் அந்த ரகங்களுக்கு வேரில் குளிர்ச்சியும், ஓய்வெடுக்க ஒரு குளிர்காலமும் வேண்டும்; நெல்லை வெக்கையில் நிற்காது. நம் வேலிச் சங்குப்பூ, அதிலும் அடுக்கு நீலம், அழகில் அதற்குக் குறைந்ததல்ல.

ஆடிக்காற்று அடங்கியபின் விதையுங்கள். மேற்கு மலைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று இளம் நாற்றை ஒரே மதியத்தில் காயவைத்துவிடும். ஆவணியில் போட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

விதை

பலரும் தோற்பது இங்கேதான். விதையின் தோல் கெட்டி. தண்ணீர் உள்ளே போகாது. ராத்திரி முழுக்க ஊறப்போட்டாலும் சில விதைகள் போட்டபடியே கிடக்கும். உப்புத்தாளில் தேய்க்கலாம், ஆனால் சின்ன விதை விரலில் வழுக்கும். நகவெட்டிதான் நல்லது. விதையில் வெள்ளையாக ஒரு கண் இருக்கும். முளை வருவது அந்தப் பக்கம், அதைத் தொடாதீர்கள். எதிர்ப்பக்க விளிம்பில் ஊசிமுனை அளவு கிள்ளுங்கள். உள்ளே வெளுப்பாகத் தெரிந்தால் போதும், பருப்பு வரை போகக் கூடாது.

பிறகு 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் குடித்த விதை கிட்டத்தட்ட இரண்டு மடங்காக உப்பும். உப்பாததை எறியாதீர்கள், இன்னொரு முறை கிள்ளி மறுபடி ஊறப்போடுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஊறினால் அழுகும்.

செம்மண் 2 பங்கு, மணல் 1, மட்கிய சாணம் 1. வெறும் கரிசல் வேண்டாம், நீர் தேங்கும். ஆணிவேர் என்பதால் பிடுங்கி நட்டால் வாடும். காகிதக் கப்பில் அரை அங்குல ஆழத்தில் போட்டு, கப்போடு தொட்டியில் இறக்குங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும்.

கம்பு

விதையே எளிது. நெற்று கிடைக்காத அடுக்கு ரகத்துக்கு மட்டும் கம்பு. பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய கொடியில், மூன்று கணு இருக்கும்படி 4 அங்குலத் துண்டு. கணுவுக்குச் சற்றுக் கீழே பிளேடால் வெட்டுங்கள். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். இரண்டு கணு மண்ணுக்குள், மேல் இலையில் பாதியை நறுக்கிவிடுங்கள். மணலும் தென்னைநார்க் கழிவும் சமபங்கு. அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, தார்சாவில் (வராந்தாவில்) வெளிச்சமான நிழலில் வையுங்கள். வேர்விட நாலைந்து வாரம் ஆகும். இலை உதிர்ந்தாலும் தண்டு பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. இழுத்துப் பார்க்காதீர்கள், பிஞ்சு வேர் அறுந்துவிடும்.

பூக்காவிட்டால்

கொடி தழைத்தும் பூ இல்லையென்றால் யூரியாவை நிறுத்துங்கள். இது பயறு வகை, தழைச்சத்தை வேர் முடிச்சுகளே தரும். அரைநாள் வெயிலாவது வேண்டும். விதைத்து 6 முதல் 8 வாரத்தில் மொட்டு வரும். காய்களைக் கிள்ளிவிட்டால் பூ தொடரும். விதைக்கு விடும் நெற்றை மட்டும் பழுப்பேறியதும் காலையிலேயே பறியுங்கள். உச்சி வெயிலில் முறுக்கித் தெறித்து, விதை முற்றமெங்கும் சிதறிவிடும்.