பழைய காருக்குக் கே-லைன் கேபிள் செய்த அனுபவம்

காரில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் மலிவான ப்ளூடூத் அடாப்டர் என்ஜினை மட்டும்தான் படித்தது. ஏபிஎஸ் பெட்டி பேசவே இல்லை. என் கார் கேன் (CAN, காரின் மின்னணுப் பெட்டிகள் பேசிக்கொள்ளும் புதிய முறை) வருவதற்கு முந்தையது, எல்லாப் பேச்சும் கே-லைன் என்ற ஒற்றை ஒயரில்தான். சரி, கம்ப்யூட்டரைக் காரோடு இணைக்கும் கேபிளை நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

தேவையானவை கொஞ்சம்தான்: கம்ப்யூட்டர் பக்கத்துக்கு எஃப்டி232ஆர்எல் யுஎஸ்பி மாட்யூல், அதைக் கே-லைனோடு பேச வைக்கும் எல்9637டி சிப், 510 ஓம் ரெசிஸ்டர், காரின் பழுதறியும் சாக்கெட்டில் செருகும் ஓபிடி பிளக். பிளக்கில் 16ஆவது பின் பேட்டரி, 4, 5 எர்த், 7 கே-லைன். 510 ஓம் ரெசிஸ்டரை 12 வோல்ட்டுக்கும் கே-லைனுக்கும் நடுவில் போட வேண்டும். இது இல்லாவிட்டால் சிப்பால் லைனைக் கீழே இழுக்க முடியுமே தவிர, லைன் ஒழுங்காக மேலே ஏறாது. பேட்டரி ஒயரில் சின்ன ஃப்யூஸ் கட்டாயம். காரில் செருகும் முன் 12 வோல்ட் கொடுத்து, 7ஆவது பின்னில் மீட்டர் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ அதே 12 வோல்ட் காட்ட வேண்டும்.

அப்புறம் மென்பொருள். ஒரே ஒயர் என்பதால் நாம் அனுப்புவதும் நமக்கே திரும்பி வரும்; அதைக் கழித்துவிட்டுத்தான் பதிலைப் படிக்க வேண்டும். யுஎஸ்பி மாட்யூலின் டிரைவரில் லேட்டன்சி டைமர் (வந்த தகவலைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் முன் காத்திருக்கும் நேரம்) 16 மில்லிசெகண்டில் இருக்கும். அதை 1 ஆக்கியதும் தொடர்பு அறுபடுவது நின்றது.

பின் இடது சக்கர சென்சார் என்று பழுதுக் குறியீடு வந்தது. கழற்றினால் முனை முழுக்க இரும்புத்தூள்! துடைத்து மாட்டி, குறியீட்டை அழித்தேன். விளக்கு அணைந்தது.