கறிக்குழம்பில் உருளைக்கு ஒரு கணக்கு

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. ஆனால் ஆட்டுக்கறிக் குழம்பில் உருளைக்கிழங்கு கிடந்தே ஆகவேண்டும். கறியில் மாவுச்சத்து கிடையாது. வெந்த உருளையில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம். அதனால் கிழங்கைப் பாதியாக்கி, மீதிக்கு நூல்கோல் போட்டேன். அதில் சுமார் 6 கிராம்தான். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார், அது வேறு கதை.

குழம்புதான் தண்ணியாக நின்றது. எலும்புக்கறியைக் குக்கரில் தனியே வேகவிட்டு, ஆறியதும் மேலே படிந்த கொழுப்பை வழித்தேன். சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு, கொஞ்சம் தேங்காய் வதக்கி அரைத்து ஊற்றினேன். கடைசியில் ஒரே ஒரு உருளைத் துண்டைக் கரண்டியால் நசுக்கிவிட, கொழகொழவென்று சேர்ந்துகொண்டது. சோறு ஒரு கரண்டியோடு சரி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை இப்போது முன்போல எகிறுவதில்லை.