நொதி கொண்டு புழுதியை அடக்குவது: ஒரு தட்டு மண்ணில் செய்து பார்க்கலாம்

காய்ந்த தரையில் புழுதி கிளம்பினால் தண்ணீர் தெளிக்கிறோம். வெயில் ஏறியதும் பழையபடி பறக்கிறது. 2011 ஜூலை 5 அன்று புழுதிப்புயல் மூடிய பீனிக்ஸ் நகரை ஒட்டியே இருக்கிறது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே எட்வர்ட் கவசாஞ்சியன் குழுவினர் ஆராய்ந்த வழி வேறு: மேல்மண்ணிலேயே சுண்ணாம்புப் படிகம் விளையவைத்துத் துகள்களை ஒட்டிவிடுவது.

யூரியேஸ் என்ற நொதி யூரியாவை உடைக்கும். அமோனியாவும் கார்பனேட்டும் உண்டாகும். கார்பனேட் கால்சியத்தோடு சேர்ந்து கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகமாகி, மணல் துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் படியும். இந்த நொதியைத்தான் ஜேம்ஸ் சம்னர் 1926இல் தம்பட்டை அவரை இனத்து விதையிலிருந்து படிகமாகப் பிரித்தார். நமக்குச் சோயா போதும்.

1. நொதிக் கரைசல். வறுக்காத, வேகவைக்காத சோயாவை மாவாக அரையுங்கள். மீல்மேக்கர் உதவாது, சூட்டில் நொதி செத்திருக்கும். 15 கிராம் மாவை 250 மில்லி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கலக்கி, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். அன்றன்றைக்குச் செய்வது நல்லது.

நொதி உயிரோடு இருக்கிறதா? ஒரு கரண்டி கரைசலில் சிட்டிகை யூரியா போட்டு மூடிவைத்து, ஒரு மணி நேரம் கழித்து மஞ்சள் தடவிய காகிதத்தை நனையுங்கள். செம்பழுப்பாக மாறினால் அமோனியா வந்துவிட்டது.

2. உப்புக் கரைசல். 250 மில்லி தண்ணீரில் 15 கிராம் யூரியா, 37 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். கால்சியம் குளோரைடு கரையும்போது சூடேறும். கையுறை போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். உரக்கடை யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கும், ஆய்வகத் தர யூரியா வாங்குங்கள்.

3. தெளிப்பு. 30க்கு 40 செ.மீ. தட்டுகள் நான்கில் காய்ந்த நுண்மணலைப் பரப்புங்கள். முதல் தட்டைத் தொட வேண்டாம். இரண்டாவதில் 240 மில்லி வெறும் தண்ணீர். மூன்றாவதில் 120 மில்லி தண்ணீர், பிறகு 120 மில்லி உப்புக் கரைசல். நான்காவதில் 120 மில்லி நொதி, பிறகு 120 மில்லி உப்புக் கரைசல். இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள்: கால்சியம் பட்டதும் சோயாப் புரதம் திரிந்து தெளிப்பான் வாயை அடைக்கும். பனி விழுவதுபோல் மெதுவாகத் தெளியுங்கள். தேங்கி ஓடினால் ஒரு பக்கம் மட்டும் இறுகும்.

4. சோதனை. நிழலில் மூன்று நாள் காயட்டும். இனிமேல்தான் கவனம் வேண்டும். மூன்றாவது தட்டும் புழுதி கிளப்பாமல் கிடக்கும்! கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மண் சாலைகளில் அதை மட்டுமே தெளிப்பதும் உண்டு. ஆகவே உப்பு கரைந்து இறங்கும் அளவுக்கு எல்லாத் தட்டுகளையும் நல்ல தண்ணீரால் நனைத்து, மறுபடி காயவைத்து, எடை பார்த்துவிட்டு மேசை மின்விசிறி முன் வையுங்கள். முகக்கவசம் கட்டாயம். எந்தத் தட்டு எவ்வளவு எடை இழந்தது என்பதே உங்கள் விடை. நான்காவதில் மேல்தோல் அப்பளமாகப் பெயர்ந்து வர வேண்டும். அதில் வினிகர் சொட்டினால் நுரைக்கும். முதல் தட்டு மண்ணிலும் நுரைத்தால் உங்கள் மண்ணிலேயே சுண்ணாம்பு இருக்கிறது, அந்தச் சோதனை செல்லாது.

இந்த ஓடு மெல்லியது. காற்றைத் தாங்கும், காலையும் டயரையும் தாங்காது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கே இது பொருந்தும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. யூரியா முழுக்க உடைந்தால் இந்த அளவில் சதுர மீட்டருக்கு 28 கிராம் நைட்ரஜன் மண்ணில் சேரும். ஹெக்டேருக்குக் கணக்கிட்டால் 280 கிலோ. நீண்டகால நெல்லுக்கே தமிழ்நாட்டில் பரிந்துரை 150தான். கிணறு, குளம் பக்கத்தில் இதைத் தெளிக்கவே கூடாது. தட்டைக் கழுவிய நீரையும் வாய்க்காலில் விடாதீர்கள். வெயிலில் வற்றவிட்டு, எஞ்சும் உப்பை உங்கள் ஆய்வகக் கழிவோடு சேருங்கள்.