மேட்டு நகரத்தில் கேக் குழியாமல் இருக்க

கடலோர நகரமான டர்பனில் எழுதி வாங்கிய கேக் குறிப்பை ஜோகன்னஸ்பர்க்கில் செய்யும்போது பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறைத்துவிடுங்கள். ஒரு தேக்கரண்டி என்றிருந்தால் முக்கால் போதும். பாலை மட்டும் இரண்டு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் உண்டாகும் வாயு அளவுக்கு மீறி விரிகிறது. கேக் வெந்து இறுகுவதற்குள் உப்பி, பிறகு நடுவில் பொதுக்கென்று உட்கார்ந்துவிடுகிறது. தண்ணீரும் ஏறக்குறைய 94 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பதால் ஈரம் சீக்கிரம் போய்விடும்; கூடுதல் பால் அதற்குத்தான். ஓரம் உயர்ந்து நடுப்பகுதி பிசுபிசுவென்று இருந்தால் பாவம், ஓவனைக் குறைசொல்ல வேண்டாம்.

பேக்கிங் பவுடர் கலந்தே விற்கும் செல்ஃப் ரைசிங் மாவில் இந்த வித்தை பலிக்காது. சாதாரண கேக் மாவு வாங்குங்கள். ஈஸ்ட் ரொட்டிக்குக் கணக்கே வேறு. மாவு சீக்கிரம் பொங்கிவிடும் என்பதால் கடிகாரத்தைப் பார்க்காமல், இருமடங்கானதும் ஓவனில் வைத்துவிட வேண்டும். முட்டை நுரையை மட்டும் நம்பும் ஸ்பஞ்சில் குறைப்பதற்குப் பவுடரே இல்லை. நுரை விறைப்பதற்கு முன்பே அடிப்பதை நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் அது ஒரு நாள் வரும், ஒரு நாள் காலை வாரும்.